தூசியை அடக்கும் தூசி

அடுப்பங்கரையில் நாம் நாடோறும் காணும் உண்மையொன்று உண்டு. பெரிய விறகுக்கட்டை மெல்லப் பற்றும். சுள்ளியோ சட்டெனப் பற்றும். எரியும் பொருள் நுண்ணிய தூளாகிக் காற்றிலே கலந்து நிற்குமாயின், பற்றுவதோடு அமையாது வெடித்தே விடும். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் உயிருக்கு உலை வைத்தது இவ்வுண்மையே.

1906ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள், பிரான்ஸ் தேசத்துக் கூரியேர் சுரங்கத்தில் நிகழ்ந்த வெடிப்பில் 1,099 பேர் மாண்டனர். சிறுவரும் அவர்களுள் இருந்தனர். சுரங்கத்தில் கசியும் மெதேன் வாயு சிறிதளவு வெடித்தாலும் போதும். அவ்வதிர்ச்சி எங்கும் படிந்துள்ள கரித்தூசியைக் கிளப்பிவிடும். பின்னே வரும் சுவாலை அதனைப் பற்றி, மேலும் தூசியைக் கிளப்பும். இவ்வாறு தீயானது தன் இரையைத் தானே எழுப்பிக்கொண்டு நெடுந்தூரம் ஓடும்.

இதற்கு மாற்று யாது? இங்கிலாந்தின் ஓல்டொவ்ற்ஸ் சுரங்கத்தில் 1886இல் நிகழ்ந்த வெடிப்பை ஆராய்ந்த வில்லியம் கார்போர்த் என்னும் பொறியியலாளர், கல்தூசி படிந்த பாதையில் தீ அடங்கியிருந்ததைக் கண்டார். 1908இல் தொடங்கிய பரிசோதனைகளால் அதனை மெய்ப்பித்தார். சுண்ணக்கல் தூளைச் சுரங்கப் பாதைகளில் தூவிவைத்தால், கரித்தூசியுடன் அதுவும் எழும்பி, வெப்பத்தை உறிஞ்சித் தீயைத் தணிக்கும்.

பின்னர் இரசாயனத் தூள்களும் ஆராயப்பட்டன. அமோனியம் பொசுபேற்று அவற்றுள் ஒன்று. நாம் அப்ப மாவிற் கலக்கும் அப்பச்சோடா மற்றொன்று! இவை வெப்பத்தை உறிஞ்சுவதுடன், தீயைத் தொடரச் செய்யும் இரசாயன மாற்றத்தையே இடையில் அறுத்துவிடுகின்றன. சுவாலையை உணர்ந்த கணமே இத்தூள்களை வீசும் கருவிகளும் உள. ஆயினும், நீண்ட பாதைகளெங்கும் தூவுவதற்கு மலிவான சுண்ணக்கல்லே இன்றும் கைகொடுக்கின்றது.

ஆனால், ஒருமுறை தூவினாற் போதாது. கரி வெட்ட வெட்டப் புதுத்தூசி மேலே படியும். 2010 ஏப்ரல் 5ஆம் நாள், அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியாவில் அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கத்தில் 29 பேர் மாண்டனர். சுண்ணக்கல் தூள் போதிய அளவு தூவப்படாமையால் வெடிப்புப் பரவியதென விசாரணை கூறிற்று. படிந்த தூசியில் நூற்றுக்கு 80 பங்கேனும் எரியாப் பொருளாயிருத்தல் வேண்டுமென அவ்வாண்டே விதித்தனர்.

நேற்றுக் கூட்டினோமென்று இன்று முற்றம் கூட்டாது விடுவார் நம்மில் எவருமிலர். அத்துணை எளிய அன்றாடக் கடமை அங்கே தவறியது. 29 வீடுகளில் விளக்கு அணைந்தது.