மாப்பிள்ளை மைனஸ் 196

இங்கிலீஷ் படத்தில் 'ராஞ்ச்' பார்த்திருப்பீர்கள். தொப்பி போட்ட ஆசாமி குதிரையில் வருவார். பின்னால் ஆயிரம் மாடு. நடுவில் கம்பீரமாக ஒரு காளை. மரக்காணம் உப்பளப் பக்கம் ராஞ்ச் என்றால் ஒரு கறவை, ஒரு கிடேரி, ஒரு கீற்றுக் கொட்டகை. தொப்பிக்குப் பதில் தலையில் துண்டு.

ஆனால் கவலை என்னவோ ஒன்றுதான். ஐப்பசி மழை பிடித்தால் பாத்தியில் உப்பு வாற முடியாது. மறுபடி வெயில் வரும்வரை அந்த வீட்டுக்குச் சம்பளம் கொடுப்பது பசுதான். பசு கறக்க வேண்டுமானால் கன்று போட வேண்டும். கன்று போட மாப்பிள்ளை வேண்டும்.

அந்தக் காலத்தில் ஊருக்கு ஒரு கோயில் காளை. செலவில்லை. பயிரை மேய்ந்தாலும் கும்பிடுவார்கள். சிக்கல் என்னவென்றால், ஒரே காளை வருஷக்கணக்கில் இருந்தால் சொந்த மகளுக்கே மாப்பிள்ளையாகிவிடும். போதாததற்கு, ஒரு பசுவின் நோயை இன்னொன்றுக்கு இலவச டெலிவரி செய்யும்.

இப்போது மாப்பிள்ளை ஓசூரில் இருக்கிறார். அல்லது ஊட்டியில், தஞ்சாவூர் ஈச்சங்கோட்டையில். எல்லாம் அரசு உறைவிந்து நிலையங்கள். ஜாதகம் கச்சிதம். அம்மா எத்தனை லிட்டர் கறந்தாள், காசநோய் உண்டா, கன்று வீச்சு நோய் உண்டா, சகலத்துக்கும் டெஸ்ட். நம்மில் எத்தனை பேர் மெடிக்கல் ரிப்போர்ட்டோடு பெண் பார்க்கப் போகிறோம்? அவருடைய விந்து மெல்லிய குச்சியில் அடைபட்டு, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் பிரயாணம் செய்து, கடைசியில் பைக்கில் வந்து இறங்கும். கல்யாணம் முடிந்துவிடும். பெண்ணும் மாப்பிள்ளையும் பார்த்துக்கொள்ளவே மாட்டார்கள்.

இத்தனை வசதி இருந்தும் உப்பளத்து அம்மா ஒருவர் என்னிடம் புலம்பினார். "மூணு ஊசி போட்டாச்சு சார், சினை நிக்கல. காளை சரியில்ல."

பாவம் காளை! அது பாட்டுக்கு ஓசூரில் புல் தின்றுகொண்டிருக்கிறது. கோளாறு பெரும்பாலும் இந்தப் பக்கம்தான்.

முதலாவது, டைமிங். பசு 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். முழுசாக ஒரு நாள்கூட நிற்காது. காலையில் கத்தினால் சாயந்திரம் ஊசி. சாயந்திரம் கத்தினால் மறுநாள் காலை. விடியுமுன் பாத்திக்குப் போகிறவருக்கு மாடு எப்போது கத்தியது என்று யார் சொல்வது? விட்டால் இன்னும் 21 நாள் தண்டத் தீவனம். எருமை இன்னும் மோசம், பல சமயம் கத்தவே கத்தாது. மௌனம் சம்மதம்.

இரண்டாவது, உப்பு. சிரிக்காதீர்கள். உப்பு மலை மலையாகக் குவிந்த ஊரில்தான் மாட்டுக்கு உப்புக் குறை! நாம் ரசத்தில் போடுவது சோடியமும் குளோரினும். சினை பிடிக்க பாஸ்பரஸ், துத்தநாகம், தாமிரம் எல்லாம் வேண்டும். வெறும் வைக்கோலில் இவை போதுமான அளவு கிடையாது. தினம் 30 முதல் 50 கிராம் 'தாது உப்புக் கலவை' தீவனத்தில் கலக்க வேண்டும். அதற்கு முன் குடல்புழு மருந்து. இல்லாவிட்டால் கலவையைப் பசு தின்னும், பசுவைப் புழு தின்னும்.

"உப்புலயே பொறந்து வளந்தவங்க நாங்க. மாட்டுக்கு உப்பைக் காசு குடுத்து வாங்கணுமா?" என்றார் அந்த அம்மா. நியாயமான கேள்விதான். ஆனாலும் வாங்கணும்.

தடுப்பூசியையும் விடக்கூடாது. கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒன்று. கன்று வீச்சு நோய்க்குக் கிடேரிக் கன்றின் 4 முதல் 8 மாத வயதுக்குள், ஆயுசுக்கே ஒரு தடவை. அந்த வியாதி கறக்கிறவருக்கும் தொற்றும். ஊர் ஊராக மாடுகளைக் கொன்ற வெக்கை நோயை ஊசி போட்டுத்தான் விரட்டினார்கள். உலகத்திலேயே இல்லை என்று 2011-ல் அறிவித்தார்கள். மாட்டுக்கு அவசரமென்றால் 1962-க்குப் போன் செய்யலாம், வண்டி வரும்.

இத்தனைக்கும் மேலே ஒரு சாதனம் தேவை. ஒரு டைரி. கத்திய தேதி, ஊசி போட்ட தேதி, 21-ஆம் நாள் மறுபடி கத்தியதா, கன்று போட உத்தேசமாக 280 நாள். இவ்வளவுதான் கணக்கு.

உங்கள் ஆபீஸில் வருஷா வருஷம் டைரி கொடுப்பார்களே, மரக்காணம் பக்கம் போகிறவரிடம் கொடுத்தனுப்புங்கள். நாம் எழுதி என்ன கிழிக்கப் போகிறோம், ஜனவரி 4-க்கு அப்புறம்?