பயிற்சி முதலில் யாருக்கு?



பதுளை, பசறை, ஹாலிஎலத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். நிறுப்பவர்களும் பேர் போடுபவர்களும் பெரும்பாலும் ஆண்கள். அரைப்பேர் விழுந்தால் அன்றைய சம்பளம் குறையும். அந்தப் பயத்தைப் பயன்படுத்தித்தான் தொந்தரவு செய்கிறார்கள்.

ஆகவே, "கவனமாக இரு" என்று பெண்ணுக்கு மட்டும் சொல்லும் பயிற்சி அரைப் பயிற்சிதான். கங்காணிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் பாடசாலை ஆசிரியருக்குமே அது முதலில் வேண்டும் என்பேன். பெண்கள் பயிற்சிக்கு வரும் நாளுக்கும் முழுப்பேர் போட வேண்டும்.

1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி பாலியல் தொந்தரவு குற்றமாகும். 5 ஆண்டுவரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். வேலைத்தலத்தில் அதிகாரத்தில் உள்ளவர் சொல்லும் தகாத சொல்லும் இதில் அடங்கும். வன்னியிலிருந்து ஆடைத் தொழிற்சாலைக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கும் இதே சட்டம்தான்.

நடந்த நாள், நேரம், சொன்ன வார்த்தை, கண்டவர் பெயர் ஆகியவற்றை உடனே எழுதி வையுங்கள். பொலிஸ் நிலையத்தின் சிறுவர், மகளிர் பணியகத்தில் தமிழிலேயே முறையிட உங்களுக்கு உரிமை உண்டு. பெண்கள் 1938க்கும், பிள்ளைகளுக்காக 1929க்கும் அழைக்கலாம். தனியே போகப் பயமென்றால் இருவராகப் போங்கள்.