அங்காடியும் அந்தரங்கமும்

வாங்குவோரும் விற்போரும் இன்றி உலகியல் நடைபெறாது. பொருளைக் கொடுத்து விலையைப் பெறுவதோடு அவ்விருவர் தொடர்பு முடிந்துவிடுவதில்லை. ஒருவரை ஒருவர் அறிதலும் நம்புதலும் வாணிகத்திற்கு உயிர்நிலை ஆகும். எனினும், விற்பவர் வாங்குபவரைப் பற்றி எவ்வளவு அறியலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லை இந்நாளில் மெல்ல மெல்ல அழிந்து வருகிறது.

தெருமுனை மளிகைக் கடைக்காரரும் தம் வாடிக்கையாளரை நன்கு அறிந்தவரே. எந்த வீட்டில் எத்தனை பேர், எவர் எந்த நாளில் கடன் தீர்ப்பார் என்பன எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால், அவர் அறிந்தவை அவர் நினைவில் மட்டும் இருந்தன. நாளடைவில் மறந்தும் போயின. வாங்குபவரும் கடைக்காரரின் குடும்பத்தை அறிந்திருந்தார். மாதக் கணக்கு எழுதும் சிறு நோட்டு வாடிக்கையாளர் வீட்டிலேயே இருந்தது. தம்மைப் பற்றி எழுதப்பட்டது யாது என்பதை அவர் எந்நேரமும் புரட்டிப் பார்க்கலாம். இருபுறமும் அறிவு ஒத்திருந்தமையால் ஆங்கு அச்சத்திற்கு இடமில்லை.

இன்றைய பேரங்காடியின் நிலை வேறு. பணம் செலுத்துமிடத்தில், "கைப்பேசி எண் என்ன?" என்பதே முதற்கேள்வியாக இருக்கிறது. எண்ணைச் சொன்னால் புள்ளிகள் சேரும். புள்ளிகள் சேர்ந்தால் தள்ளுபடி கிடைக்கும். சில கடைகள் இதற்கென வாடிக்கையாளர் அட்டையும் வழங்குகின்றன. அன்று முதல் அவர் வாங்கும் ஒவ்வொரு பொருளும், வாங்கிய நாளும் நேரமும், அவ்வெண்ணோடு கோக்கப்பட்டுக் கணிப்பொறியில் தங்கிவிடுகின்றன. இக்கணக்கு மறப்பதில்லை. இதன் படி வாடிக்கையாளர் கையில் இருப்பதுமில்லை.

இம்முறை எவ்வளவு ஆற்றல் உடையது என்பதைப் பிரிட்டன் நாட்டு வரலாறு காட்டுகிறது. அங்கு 'டெஸ்கோ' என்னும் பேரங்காடி நிறுவனம் 1995ஆம் ஆண்டு 'கிளப்கார்டு' என்னும் அட்டையை நாடெங்கும் வழங்கியது. அதற்கு முன் சில கடைகளில் அதனைச் சோதித்துப் பார்த்தது. முப்பதாண்டுகளில் தாம் அறிந்ததைவிட மிகுதியாக, மூன்று திங்களில் வாடிக்கையாளரைப் பற்றி இவர்கள் அறிந்துவிட்டனரே என்று அந்நிறுவனத்தின் தலைவர் வியந்தார் எனக் கூறுவர். தள்ளுபடியாகக் கொடுத்தது சிறிது. அதற்கு ஈடாகப் பெற்ற அறிவோ பெரிது.

அமெரிக்க நாட்டில் 'டார்கெட்' என்னும் அங்காடி நிறுவனம் செய்ததை 2012ஆம் ஆண்டு 'நியூயார்க் டைம்ஸ்' இதழின் கட்டுரை ஒன்று எடுத்துரைத்தது. மணமில்லாத பூச்சுத் தைலம், சத்து மாத்திரைகள் முதலிய ஏறத்தாழ 25 பொருள்களை வாங்கும் முறையைக் கொண்டே, எந்தப் பெண் கருவுற்றிருக்கக் கூடும் என்று அந்நிறுவனத்தின் கணக்கறிஞர் மதிப்பிட்டனராம். குழந்தைப் பொருள்களுக்கான விளம்பரங்களை மட்டும் அனுப்பினால் அப்பெண்கள் ஐயுறுவர் அன்றோ? ஆதலின், இடையே புல்வெட்டும் பொறி போன்றவற்றின் விளம்பரங்களையும் கலந்து அனுப்பினர் என்று அக்கட்டுரை கூறுகிறது. அறிந்ததோடு நில்லாமல், அறிந்ததை மறைக்கவும் முற்பட்டனர். பெற்ற தாய்க்கும் சொல்லாத செய்தியைக் கடை அறிந்துகொள்வது முறையாகுமா?

"மறைக்க ஒன்றும் இல்லாதவர் அஞ்சுவானேன்?" என்று சிலர் வினவுவர். வீட்டுக் கதவைத் தாழிடுபவரெல்லாம் குற்றம் செய்பவர் அல்லர். கடிதத்தை உறையிலிட்டு ஒட்டுவது சூழ்ச்சியும் அன்று. ஒரு குடும்பத்தின் நோயும் நோன்பும், வறுமையும் வளமும் அது வாங்கும் பொருள்களில் வெளிப்படும். அவற்றை யாரிடம் சொல்வது என்று முடிவு செய்யும் உரிமை அக்குடும்பத்திற்கே உரியது. மேலும், எண்ணை உரக்கச் சொல்லும்போது வரிசையில் நிற்கும் அயலாரும் கேட்கின்றனர். அதனால் பெண்களுக்கு நேரும் தொல்லையை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

எந்தப் பொருள் எவ்வளவு விற்கும் என்று அறிவது கடைக்குத் தேவையே. ஆயினும், விற்ற சர்க்கரையின் அளவை அறிய, வாங்கியவரின் பெயரும் பிறந்த நாளும் எதற்கு? தள்ளுபடி எளிய குடும்பங்களுக்கு உதவுகிறது என்பதும் உண்மையே. அதனாலேயே, மறுப்பதும் அவர்களுக்கே மிக அரிதாகிறது. செல்வர் நான்கு ரூபாயை விட்டுத் தம் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்வர். ஏழை என் செய்வார்? ஆகவே, இதனைத் தனிமனிதரின் விழிப்புக்கு மட்டும் விட்டுவிடாமல் சட்டமும் காத்தல் வேண்டும்.

அத்தகைய காப்பு இந்நாட்டில் உருவாகி வருகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். பொருள் விற்பதற்குக் கைப்பேசி எண்ணைக் கட்டாயப்படுத்தலாகாது என 2023 மே திங்களில் மத்திய அரசின் நுகர்வோர் துறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. அவ்வாண்டிலேயே தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. இசைவு கட்டாயமின்றிப் பெறப்பட வேண்டும். குறித்த நோக்கத்திற்குத் தேவையான செய்திகளையே கேட்க வேண்டும். கொடுத்த இசைவைத் திரும்பப் பெறவும் வழி வேண்டும் என்பன அதன் நெறிகள். பதினெட்டு வயது நிரம்பாதவரின் நடத்தையைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அது விலக்குகிறது. அதற்குரிய விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அவை படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளன.

சட்டம் ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. அதனைப் பயன்படுத்தும் துணிவு மக்களிடம் இருத்தல் வேண்டும். எண்ணைக் கேட்பவர் பெரும்பாலும் சம்பளத்திற்கு உழைக்கும் எளியவர். அவரிடம் சினங்கொள்ளுதல் தகாது. "எண் எதற்கு?" என்று பணிவோடு கேட்டலும், "வேண்டா, ரசீது மட்டும் போதும்" என்று உறுதியோடு சொல்லுதலும் போதும். பொருளுக்குரிய விலையைக் கொடுத்தவர் கடைக்கு வேறெதற்கும் கடன்பட்டவர் அல்லர். நாளை கடைக்குச் செல்லும் மாணவ மாணவியர் பைகளோடு இந்த உண்மையையும் உடன் எடுத்துச் செல்வாராக.