விளையாட்டு மொழியை ஏன் பழிக்கிறீர்கள்?

கிளிக்கி பழகும் பிள்ளைகளைக் கண்டால், "சோறு போடாத மொழி எதற்கு?" என்று சீறுகிறார்கள் பெரியவர்கள். தமிழே தேய்கையில் பொய்மொழி ஒரு கேடா என்பது அவர்களின் வாதம். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

2015இல் வெளியான ‘பாகுபலி’யின் காலகேயர்களுக்காகக் கிளிக்கியை ஆக்கியவர் பாடலாசிரியர் மதன் கார்க்கி. ஏறத்தாழ 750 சொற்கள், 40 இலக்கண விதிகள். அவற்றைப் பழகும் பிள்ளை, பன்மை எப்படிப் பிறக்கிறது, வினை எங்கே நிற்கிறது என்று தானாகவே கேட்கிறது. நன்னூலை மனனம் செய்வித்து நாம் எழுப்ப முடியாத கேள்விகள் இவை.

பயன் என்ற அளவுகோலை நம் நாடு பார்த்தாயிற்று. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தது. உத்தியோகம் வேண்டுமெனில் சிங்களம் படி என்றார்கள். பலர் படித்தார்கள், எத்தனை பேர் விரும்பினார்கள்? 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் நான் வாழும் பிலிமத்தலாவையில், தமிழ் கற்ற சிங்கள அயலவரை விரல்விட்டு எண்ணிவிடலாம். கட்டளையால் தேர்ச்சி வரும், நேசம் வராது.

1887இல் எஸ்பெராந்தோவை வெளியிட்ட சாமென்ஹோஃப் ஒரு கண் மருத்துவர். ருஷ்யரும் போலந்தியரும் ஜெர்மானியரும் யூதரும் பகைத்து வாழ்ந்த பியாலிஸ்டொக் நகரில் பிறந்தவர். எந்த இனத்தின் கொடியும் பறக்காத ஒரு மொழியை அவர் ஆக்கியது அந்தப் பகையைக் கண்டுதான். நமக்கு அந்த ஊர் அந்நியமா?

பிள்ளைகளை ஏசுமுன், அயலவரின் மொழியையும் இதே விளையாட்டாய் அவர்களுக்குப் பழக்குங்கள். அது இயலாதெனில், கிளிக்கியையாவது விட்டுவையுங்கள்.