தியானத்துக்கு நேரம் இல்லாதவர்களுக்கு

அதிகாலை நான்கரை மணிக்கு எழுந்து, குளித்து, தனி அறையில் கிழக்கு பார்த்து உட்கார்ந்து தியானம் செய்யுங்கள் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். நைட் டியூட்டி பார்க்கும் செவிலியருக்கு அதுதான் ஓட்டமான நேரம். டாக்டர் ரவுண்ட்ஸ் வருவதற்குள் ரத்தம் எடுக்க வேண்டும். காய்ச்சலும் பிரஷரும் பார்த்துக் கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். தீர்ந்துபோன டிரிப்பை மாற்ற வேண்டும். வீடு திரும்பினால் அடுப்படி காத்திருக்கும். முதல் பஸ்ஸை எடுக்கும் டிரைவருக்கும், பூ மார்க்கெட்டில் கூடை இறக்கும் பெண்ணுக்கும் இதே கதைதான். அந்த நான்கரை மணி கிடைக்காதவர்களுக்குத் தியானமே கிடையாதா?

உண்டு. அன்றாட வேலைக்குள்ளேயே உண்டு. செவிலியராகப் பல ஆண்டுகள் வார்டில் நின்று பார்த்த பிறகு, இதை உறுதியாகச் சொல்கிறேன்.

நோயாளியின் மூச்சை எண்ணுவது எங்கள் வேலைகளில் ஒன்று. ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. ஆனால் எண்ணப்போகிறோம் என்று அவரிடம் சொல்ல மாட்டோம். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுவோம். சொல்லிவிட்டால் அந்த நொடியே மூச்சின் போக்கு மாறிவிடும். பயிற்சிக் காலத்தில் எல்லோருக்கும் கற்றுத்தரும் பாடம் இது. தியானத்தின் அடிப்படையும் இதற்குள்ளேயே இருக்கிறது. தானாக நடந்துகொண்டிருக்கும் மூச்சு, நாம் கவனித்தவுடன் நம் வசத்துக்கு வருகிறது. இதயத்தை ‘மெல்லத் துடி’ என்று அதட்ட முடியாது. ஆனால் மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்றுக் கூடுகிறது, விடும்போது சற்றுக் குறைகிறது. மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பின் வேலை அது. அதனால் மூச்சை நிதானமாக நீட்டி விடுபவருக்குப் படபடப்பு தணிகிறது.

நான் இதற்குப் பயன்படுத்துவது கை கழுவும் நேரத்தை. சோப்பு போட்டுக் கை கழுவ 40 முதல் 60 விநாடி ஆக வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு நோயாளியைத் தொடுவதற்கு முன்னும் தொட்ட பின்னும் எப்படியும் கழுவியே தீர வேண்டும். அந்த நேரத்தில் தண்ணீரின் குளிர்ச்சி, விரல் இடுக்கில் நுரை, நீளமாக வெளியே போகும் மூச்சு ஆகிய இவற்றை மட்டும் பார்க்கிறேன். நினைப்பு அடுத்த படுக்கைக்கு ஓடினால் மறுபடி விரலுக்குக் கூட்டி வருகிறேன். ஓடுவதும் கூட்டி வருவதும்தான் பயிற்சி. மனம் ஓடவே கூடாது என்று நினைப்பவர்கள்தான் இரண்டே நாளில் ‘எனக்குத் தியானம் வராது’ என்று விட்டுவிடுகிறார்கள்.

டயாலிசிஸ் பிரிவுக்கு வெளியே ஒரு முறைக்கு நான்கு மணி நேரம் போலக் காத்திருக்கும் தாய்மார்களிடமும் இதைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் கையில் ஜெபமாலை, ஒருவர் கையில் தஸ்பீஹ், ஒருவர் வாய்க்குள் முருகன் பெயர். உள்ளே இருக்கும் பிள்ளையைப் பற்றிய பயம் அவர்களுக்குக் குறைவு இல்லை. ஆனாலும் பயத்தோடு நிதானமாக உட்கார முடிகிறது. இத்தாலியைச் சேர்ந்த மருத்துவர் லூசியானோ பெர்னார்டியின் குழு இதை அளந்தே பார்த்தது. 23 பேர் லத்தீன் மொழியில் ஜெபமாலையும், ‘ஓம் மணி பத்மே’ என்று தொடங்கும் மந்திரமும் சொன்னபோது, இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது. சிறிய ஆய்வுதான், 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. அவரவர் நம்பிக்கை அவரவருக்கு ஏற்கெனவே ஒரு பயிற்சியைத் தந்திருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பணம் கட்டி வேறொன்றைத் தேட வேண்டியதில்லை.

வேலையும் தியானமும் எதிரிகள் என்று நம் பெரியவர்களும் நினைக்கவில்லை. ரமண மகரிஷி விடியும் முன்பே ஆசிரமச் சமையல்கட்டுக்கு வந்து காய்கறி நறுக்கியவர். மனவளக்கலையைத் தந்த வேதாத்திரி மகரிஷி, கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த குடும்பஸ்தர். கோயிலில் ஒரு பாதத்தை ஒட்டி மறுபாதம் வைத்து அடிப்பிரதட்சிணம் வரும் பெண்கள், நடையிலேயே மனதை நிறுத்துகிறார்கள். உட்கார முடியாத மூட்டுவலிக்காரர் மெதுவாக நடக்கலாம். நடக்க முடியாதவர் படுத்தபடியே வயிற்றில் கை வைத்து மூச்சைப் பார்க்கலாம்.

நீண்ட பயிற்சிகளை நான் குறை சொல்லவில்லை. கோயங்கா வழி விபாசனா முகாம், பத்து நாள் மௌனத்தோடு, கட்டணம் இல்லாமல் நடக்கிறது. போக முடிந்தவர்கள் போய்ப் பலன் பெறட்டும். கைக்குழந்தைக்காரியும் தினக்கூலியும் பத்து நாளுக்கு எங்கே போவார்கள்? அவர்களுக்கு எட்டாத ஒன்றை மட்டுமே தியானம் என்று சொல்லிக்கொண்டிருப்பது நியாயமில்லை.

இரண்டு விஷயங்களில் எனக்குச் சமரசம் கிடையாது. ஒன்று, தியானம் சிகிச்சைக்கு மாற்று ஆகாது. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. எந்த நேரத்திலும் கட்டணமின்றிப் பேசலாம். மனநல மாத்திரை சாப்பிடுபவர்கள் தியானத்தை நம்பித் தாங்களாகவே மாத்திரையை நிறுத்தக் கூடாது. கண்ணை மூடினால் பழைய பயம் எழுகிறது என்பவர்கள் கண்ணைத் திறந்தே வைத்துக்கொள்ளலாம். கட்டாயம் எதுவும் இல்லை.

இன்னொன்று நிர்வாகங்களுக்கு. டிசம்பர் 21ஐ உலகத் தியான நாளாக ஐ.நா. சபை 2024இல் அறிவித்தது. அன்றைக்கு ஊழியர்களை வரிசையில் உட்காரவைத்துப் படம் எடுப்பது எளிது. மூன்று பேர் வேலையை ஒருவர் பார்க்கும் இடத்தில், மூச்சுப் பயிற்சி சொல்லித் தந்தால் மட்டும் மன அழுத்தம் போகாது. ஆள் போடுங்கள், வார விடுப்பைப் பறிக்காதீர்கள், சாப்பிட அரை மணி நேரம் விடுங்கள். அதற்குப் பிறகு தியான வகுப்பு நடத்துங்கள், நாங்களே வருகிறோம்.

படிப்பவர்களிடம் நான் கேட்பது சிறியது. தினமும் தவறாமல் செய்யும் ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். பாத்திரம் துலக்குவது, பஸ்ஸுக்கு நிற்பது, கடை ஷட்டரைத் திறப்பது, எதுவானாலும் சரி. அதைச் செய்யும்போது போனை ஓரமாக வைத்துவிட்டு, மூச்சை நீட்டி விட்டு, அந்த வேலையை மட்டும் பாருங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் தொடருங்கள். ஒரு மாதம் செய்து பார்த்து, ஒத்துவந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஒத்துவராவிட்டால் வேறொரு வேலையில் முயன்று பாருங்கள்.