மக்கு என்று சொல்ல இவர்கள் யார்?

"எழுந்து நின்று படிடா!"

எழுகிறான் தொழிலாளியின் மகன். மனக்கணக்கில் புலி, கேட்ட கதையைப் பிசகாமல் திருப்பிச் சொல்வான். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் கொம்பும் காலும் இடம் மாறுகின்றன. 'ண' எது, 'ன' எது என்று திணறுகிறான். வகுப்பே சிரிக்கிறது. "மக்கு! அப்பனோடு வேலைக்குப் போ!" தீர்ப்பு வழங்கியாகிவிட்டது!

தோழர்களே, இவன் மக்கா? ஒலியையும் எழுத்தையும் இணைப்பதில் சிலருக்கு இயல்பாகவே இடர் உண்டு. டிஸ்லெக்சியா என்கிறார்கள். அறிவுக் குறைவுமல்ல, சோம்பலுமல்ல. பிரம்பால் தீராது, பொறுமையாக, ஒலி ஒலியாக, எழுத்து எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தால் படிப்பான்.

பள்ளியை மட்டும் சாடிப் பயனில்லை. நம்மவர் வீட்டில் நடப்பதென்ன? மதிப்பெண் அட்டையைக் கண்டதும் பெல்ட்டை உருவுகிறோம். 'அடியாத மாடு படியாது' என்கிறோம். மாட்டுக்குச் சொன்னதை மகனுக்குச் சொல்லலாமா?

வசதி படைத்தவன் வீட்டுப் பிள்ளைக்கு இதே இடர் வந்தால் மருத்துவர் வருகிறார், தனி ஆசிரியர் வருகிறார். ஏழை வீட்டுப் பிள்ளைக்கோ பட்டறை வாசல்!

இதற்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்றது. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதில் உண்டு. குறைபாட்டைச் சீக்கிரமே கண்டறிய வேண்டும், தேர்வில் கூடுதல் நேரம் தரவேண்டும், சொல்வதை எழுத ஆள் தரவேண்டும் என்கிறது அது. சலுகையல்ல, உரிமை! சிறப்பு ஆசிரியர் எத்தனை பேர் வேண்டும் என்பதற்கும் 2022இல் ஒன்றிய அரசு கணக்குச் சொன்னது: தொடக்கப் பள்ளியில் இத்தகைய மாணவர் பத்துப் பேருக்கு ஒருவர்.

உங்கள் ஊர்ப் பள்ளியில் அந்த ஒருவர் இருக்கிறாரா? யார் கேட்பது? நீங்கள்தான்! 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். கையெழுத்துப் போட்டுவிட்டு, தேநீர் அருந்திவிட்டுத் திரும்புவதற்கா அந்த இடம்?

எல்லாவற்றுக்கும் பணம் வேண்டியதில்லை. காது மந்தமான பிள்ளைக்கு முன் பெஞ்சு; ஆசிரியர் அவள் முகம் பார்த்துப் பேசட்டும். சக்கர நாற்காலிப் பிள்ளையின் வகுப்பு தரைத்தளத்துக்கு வரட்டும். சரிவுப் பாதைக்கும் கழிப்பறைக் கைப்பிடிக்கும் செலவு கொஞ்சந்தான். கழிப்பறைக்குப் போகமுடியாது என்று பகலெல்லாம் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளைக்கு அதுவே முதல் பாடம்.

அடுத்த குழுக் கூட்டத்திலே இவற்றைக் கேளுங்கள். பேச்சோடு விடாதீர்கள், தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.