காப்பாட்சியர் பணியும் நம் கடற்கரையும்

'காப்பாட்சியர்' என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மாணவர் மனத்தில் தோன்றுவது, கண்ணாடிப் பேழைகளுக்கு நடுவே சாவிக்கொத்துடன் நடமாடும் ஓர் அலுவலரின் உருவமே. இக்கருத்து முழுமையானதன்று. சமகாலக் கலையைக் காட்சிப்படுத்தும் அருங்காட்சியகங்களில் காப்பாட்சியர் கலைஞரைத் தேடிச் செல்கின்றார். எந்தப் படைப்பை எதனருகே வைத்தால் எப்பொருள் விளங்கும் என ஆராய்கின்றார். காண்போர் உள்ளத்தில் பதியுமாறு விளக்கவுரை வரைகின்றார். சுருங்கக் கூறின், அவர் ஒரு தொகுப்பாசிரியர். சிதறிக் கிடந்த தனிப்பாடல்களைத் திணையும் துறையும் வகுத்துத் தொகுத்த மரபினை அறிந்த தமிழ்த் துறையினர்க்கு இப்பணி அயலானதன்று.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. பாக் நீரிணையின் அக்கரையை நோக்கினாலே போதும். ஷர்மினி பெரேரா என்னும் காப்பாட்சியர் 2006இல் நடைபெற்ற முதலாவது சிங்கப்பூர் ஈராண்டுக் கலைவிழாவை வடிவமைத்தவர்களுள் ஒருவர். 2008இல் 'ரேக்கிங் லீவ்ஸ்' என்னும் பதிப்பு நிறுவனத்தைத் தொடங்கினார். காட்சிக்கூடம் இல்லாத இடத்தில் நூலையே காட்சிக்கூடமாக்கினார் எனலாம்.

அந்நிறுவனம் 2011இல் வெளியிட்ட நூல்களுள் ஒன்று, யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனன் உருவாக்கியது. 'முற்றுப்பெறாத தோம்பு' என்பது அதன் தலைப்பின் பொருள். தோம்பு என்பது நிலவுடைமைப் பதிவேடு. வடபுலத்தில் போரால் இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்கள், இழந்த தம் வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து கொடுத்தனர். கட்டடக் கலைஞர் அதனை அளவொழுங்குடன் மீள வரைந்தார். ஓவியர் தம் சித்திரத்தால் அந்நினைவுக்கு மறுமொழி தந்தார். 1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர் என்பதை நாம் அறிவோம். பத்திரமும் சாவியும் பறிபோனவர்க்கு நினைவில் நிற்கும் முற்றமும் கிணறுமே எஞ்சிய சொத்து. அச்சொத்துக்குப் பதிவேடு எழுதுவதும் கலையே.

2019 டிசம்பரில் கொழும்பில் நவீன, சமகாலக் கலைக்கான அருங்காட்சியகம் தொடங்கப்பெற்றபோது பெரேராவே அதன் தலைமைக் காப்பாட்சியர் ஆனார். தொடக்கக் கண்காட்சியின் தலைப்பு கவிஞர் சேரனின் தமிழ்க் கவிதையிலிருந்து எடுக்கப்பட்டது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் அங்கு விளக்கங்கள் இடம்பெறுகின்றன. தமிழ் கற்றவர்க்கு அருங்காட்சியகத்தில் என்ன வேலை என வினவுவோர்க்கு இதுவே விடையாகும்.

இனி நம் கரைக்கு வருவோம். சென்னை அரசு அருங்காட்சியகம் 1927இல் குருசடைத் தீவின் கடல்வாழ் உயிரினங்களைப் பற்றி ஆய்வு நூல் வெளியிட்டது. நம் கடலின் சிற்றுயிர்களும் பதிவு பெற்றன. ஆனால் இக்கரையில் வாழ்ந்த மனிதரின் வீடுகள்? 1914 முதல் 1964 வரை தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடியது. 1964 டிசம்பர்ப் புயல் அத்துறைமுக நகரையே அழித்தது. அன்று பத்து வயதுச் சிறுவனாக இருந்தவர் இன்று எழுபதைக் கடந்தவர். அவர் தம் வீட்டின் தரைப்படத்தை வரைந்து காட்டக்கூடிய ஆண்டுகள் இன்னும் எத்தனை? மண்டபம் முகாமை வந்தடைந்த முதியோர்க்கும் இவ்வினா பொருந்தும். கீழக்கரையிலும் தொண்டியிலும் பெரியபட்டினத்திலும் பாகப்பிரிவினையாலும் புதுக்கட்டடத்தாலும் இடிபடும் பழைய வீடுகளுக்கும் பொருந்தும்.

உருவப்படம் பற்றிய மார்க்க வரையறை குறுக்கிடாதா எனப் பெரியோர் வினவலாம். மதிக்கத்தக்க வினாவே. எனினும் தரைப்படத்தில் உருவம் இல்லை. அரபுத்தமிழ்க் கையெழுத்திலும் இல்லை. மரவேலைப்பாட்டின் கொடிக்கோலத்திலும் இல்லை. நம்மவர் பிழைக்கச் செல்லும் ஷார்ஜாவில் 1993 முதல் ஈராண்டுக் கலைவிழா நடைபெறுகின்றது. எனவே முஸ்லிம் சமுதாயத்திற்கு ஒவ்வாத துறை இது என்று ஒதுக்குவதற்கில்லை.

வருவாய் உண்டா என்பது அடுத்த வினா. மருத்துவம், பொறியியல் போல வாய்ப்புகள் மிகுந்த துறை இஃதன்று; அதனை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் பரோடாப் பல்கலைக்கழகத்தில் 1952 முதல் அருங்காட்சியகவியல் கற்பிக்கப்படுகின்றது. தமிழ்நாடு அரசின் அருங்காட்சியகத் துறையிலும் காப்பாட்சியர் பணியிடங்கள் உள்ளன. ஊருக்கு ஒருவரேனும் இத்துறையில் பயிற்சி பெற்றால் ஓர் ஊரின் நினைவு காக்கப்படும்.

ஆதலின் தமிழ்த் துறைக்கு ஒரு வேண்டுகோள். களப்பணிக்கென ஒதுக்கும் காலத்தில் மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் ஒரு வீட்டைத் தேர்ந்து கொள்ளட்டும். அவ்வீட்டு முதியவரைக் கொண்டே தரைப்படம் வரையச் செய்யட்டும். திண்ணை முதல் பின்வாசல் வரை ஒவ்வோர் இடத்திற்கும் அவர் வழங்கும் பெயரை அவர் சொன்னவாறே எழுதட்டும். அங்கிருந்து கொழும்புக்கும் பினாங்குக்கும் சென்றவர் யார், திரும்பியவர் யார் என்பதையும் குறிக்கட்டும். பெற்ற தாள்களைக் கல்லூரி நூலகம் ஒரு பேழையில் முறைப்படுத்திக் காக்கட்டும். செல்வந்தர் பெருமக்கள் திருமண மண்டபங்களுக்கு அளிப்பதில் ஒரு சிறு பகுதியை அப்பேழைக்கு ஈந்தால் போதும்.

கட்டடம் பின்னர் வரட்டும். முதலில் தோம்பு எழுதப்படல் வேண்டும். எழுதத் தக்கவர் இன்றும் நம் தெருத் திண்ணைகளில் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் எழுந்து சென்றபின் நாம் தாளும் எழுதுகோலும் கொண்டு சென்று பயனில்லை.